கேரியர் பக்கம் திரும்பாதே

தங்கத்தை ஒளிக்கிறது ஒரு வேலையே இல்லை. ஒளித்த பிறகு கண்ணை எங்கே வைக்கிறது என்பதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில், எங்கள் ஷாஃப்ட் வாசலில் முனியப்பன் என்று ஒருவன் இருந்தான். ஷிஃப்ட் முடிந்து கேஜில், அந்த இரும்புக் கூண்டு லிஃப்டில், மேலே வருகிற ஆட்களைச் சோதனை போடுவது அவன் வேலை. மற்ற வாட்ச்மேன்கள் இடுப்பைத் தடவுவார்கள், வாயைத் திறக்கச் சொல்வார்கள், தலைமுடிக்குள் விரலை விடுவார்கள். முனியப்பன் யாரையும் தொடமாட்டான். ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு ஆளின் கண்ணை மட்டும் பார்ப்பான். தங்கம் எங்கே இருக்கிறதோ அங்கே கண் ஒரு தடவையாவது போய்த்தான் தீரும். ஒருத்தனுக்குக் கண்ணாடிக் கண். அந்தக் குழிக்குள் பொட்டுத் தங்கம் வைத்துக்கொண்டு வந்தான். அவனையும் பிடித்துவிட்டான் முனியப்பன். நல்ல கண் மூக்கைத் தாண்டி அந்தப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்ததாம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஆகவே, பக்கத்து லைன் வீட்டுத் தங்கம்மா தன் மகள் நகைகளைப் பம்பாய்க்கு எடுத்துப் போகவேண்டும் என்று வந்து நின்றபோது, அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அது தொண்ணூற்றேழாம் வருஷம். அப்போதும் சுரங்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, இருமிக்கொண்டு நடக்கிற ஆள் மாதிரி.

தங்கம்மாவின் புருஷன் துரை என்னோடு வேலை செய்தவன். கல் தூசி நெஞ்சில் கட்டிச் செத்துப்போனான். மகன் பிரதாப்பும் மகள் வாணியும் பம்பாயில் இருந்தார்கள். வாணி அங்கே நர்ஸ். அங்கேயே மாப்பிள்ளை, அங்கேயே கல்யாணம். ஒரு ஆரம், ஒரு அட்டிகை, வளையல், ஜிமிக்கி. வாணிக்கு என்று தங்கம்மா செய்து வைத்திருந்தது அவ்வளவுதான். அது போனால் மறுபடி செய்ய அவளுக்குத் தெம்பும் இல்லை, ஆயுசும் இல்லை.

ரயிலில் ஒரு கல்யாணப் பார்ட்டியின் பெட்டியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அந்தச் சமயம் ஊரெல்லாம் பேச்சு. பிரதாப் பயந்துபோய் இரண்டு பிளேன் டிக்கெட் அனுப்பிவிட்டான். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று அவளுக்குத் துணையாக எனக்கு.

"இன்னாண்ணா, பிளேன்ல திருடன் இருப்பானா?" என்றாள் தங்கம்மா.

"ரயில்ல திருடுறவன் செயினை இழுத்துட்டுக் குதிச்சிடுவான். பிளேன்ல குதிக்க முடியாது. அதனால கொஞ்சம் படிச்ச திருடனா இருப்பான்."

"ஐயோ, படிச்சவனா?"

டெலிபோன் பூத்தில் பிரதாப்பைக் கூப்பிட்டுக் கேட்டோம். "நகையைப் பெட்டியில போடாதீங்க மாமா, பெட்டி தனியாக் கீழ போயிடும், பூட்டை நம்ப முடியாது. கையில வெச்சுக்குங்க. கண்ணை எடுக்காம பாத்துக்குங்க" என்றான்.

முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணை எடுக்காமல் பார்த்தால், திருடனுக்கு விரலை நீட்டிக் காட்டுகிற மாதிரிதானே?

கிளம்புகிற அன்று காலையில் நகைகளை மஞ்சள் துணியில் வைத்து, தங்கம்மாவின் கண் முன்னாலேயே கட்டித் தைத்தேன். அவள் பின்கதவைச் சாத்தப் போனாள். அந்த நேரத்தில் மூட்டையை மாற்றினேன். அதே மாதிரி இன்னொரு மஞ்சள் துணி, அதே கனம், உள்ளே ஷாஃப்ட் பக்கத்துக் குப்பைமேட்டில் பொறுக்கின வெள்ளைக் கல். அதைத்தான் அவள் கைப்பையில் வைத்தேன்.

அசல் மூட்டை என் டிபன் கேரியரின் அடி அடுக்குக்குப் போனது. நான் சுரங்கத்துக்குச் சோறு கொண்டுபோன கேரியர். நசுங்கி, கறுத்து, பார்த்தால் பிச்சைக்காரன்கூட யோசிப்பான். மேல் அடுக்கில் உருளைக்கிழங்கு வறுவல், நடுவில் புளிசாதம். இரண்டும் தங்கம்மாவே கட்டினது. அடி அடுக்கில் என் மாத்திரை இருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

அவளிடம் உண்மையைச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. திருடன் பார்ப்பது சொந்தக்காரியின் கண்ணை. அவள் கண் தப்பான பையில் இருந்தால் திருடனும் தப்பான பைக்குத்தான் போவான். ஆனால் அவள் நிஜமாகவே நம்பவேண்டும். நடிக்கச் சொன்னால் தங்கம்மா இரண்டு ஸ்டேஷன்கூடத் தாங்கமாட்டாள்.

பெங்களூர் ஏர்போர்ட்டுக்குப் போக மாரிக்குப்பத்தில் ரயில் ஏறியதிலிருந்து அவள் அந்தக் கைப்பையை அணைத்துக்கொண்டிருந்தாள், பிள்ளை பெற்றவள் மாதிரி. பங்காருபேட்டை வருவதற்குள் வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது அதில் என்ன இருக்கிறது என்று. வடை விற்கிறவன்கூட வடையைப் பார்க்காமல் பையைப் பார்த்துக்கொண்டு வடை கொடுத்தான். பங்காருபேட்டையில், சட்டைப் பையில் சீப்பு செருகின ஒரு ஆள் ஏறி எதிரே உட்கார்ந்தான். பெங்களூர் வரைக்கும் அவன் கண் பையை விட்டுப் போகவில்லை.

கேரியரை நான் தூரத்து ரேக்கில் போட்டிருந்தேன். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஏர்போர்ட்டில் பெட்டியை வாங்கிப் பெல்ட்டில் விட்டார்கள். பெட்டி ரப்பர் தட்டிக்குள் போய் மறைந்ததும் தங்கம்மா என் சட்டையைப் பிடித்தாள்.

"எங்கண்ணா போவுது?"

"அதுக்கு வேற கேஜ். நமக்கு வேற கேஜ். எல்லாம் ஒரே எடத்துல வந்து சேரும்."

அடுத்தது சோதனை. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. கொக்கியை நான் தட்டிவிட, ஒரு போலீஸ்காரர் என் கேரியரின் மேல் மூடியைத் திறந்து பார்த்தார். வறுவல் வாசனைக்கு அவர் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. மிஷினுக்குள் விட்டார்கள். மிஷின் முன்னால் இருந்தவருக்கு அலுமினியம் மட்டும்தான் தெரிந்திருக்கும். கொட்டாவி விட்டு அனுப்பிவிட்டார்.

நான் முதலில் உள்ளே போய்விட்டேன். நாற்காலி வரிசையின் கடைசியில் கேரியரை வைத்தேன். அடுத்த வரிசையில், அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

எதிரே யார் வந்து நின்றது தெரியுமா? சீப்புக்காரன். கையில் ஒரு பிரீஃப்கேஸ். ரயிலில் பையையே பார்த்தவன், இப்போது என்னைப் பார்த்தான். நேராக நடந்து என் முதுகுப் பக்கம் போனான். செருப்புச் சத்தம் நின்றது. கேரியர் இருக்கிற இடத்தில்தான் நின்றது.

நான் ஃபேனைப் பார்த்தேன். அதற்கு மூன்று இறக்கை. எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

"இது யாருது?" என்று பின்னால் ஒரு குரல். பேச்சுக் கொடுத்து ஆழம் பார்க்கிறான் என்று நினைத்தேன். பதில் சொல்கிறவன் திரும்புவான், திரும்புகிறவன் மாட்டுவான். ஃபேனையே பார்த்தேன்.

"பெரியவரே, இது உங்களுதா?"

ஃபேன்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு பொருளுக்குச் சொந்தக்காரர் உடனே வரவேண்டும். கன்னடத்தில் சொன்னார்கள், ஹிந்தியில் சொன்னார்கள், இங்கிலீஷில் சொன்னார்கள். மூன்றும் எனக்குப் புரியும். யாரோ கவனமில்லாத ஆள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் தங்கம்மா கத்தினாள்.

சுரங்கத்தில் பாறை வெடித்து ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால் ஷாஃப்ட் வாசலில் பெண்கள் ஒரு கத்து கத்துவார்கள். அந்தக் கத்து. ஓடினேன்.

சோதனை மேஜைமேல் மஞ்சள் துணி பிரிந்து கிடந்தது. சுற்றிலும் வெள்ளைக் கல். நேத்ரா என்று நெஞ்சில் பெயர் எழுதின பெண் போலீஸ் ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, கல்லை எதுக்குப் பம்பாய்க்குக் கொண்டு போறீங்க? அங்க இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணு நகைம்மா அது! நகைம்மா!" தங்கம்மா ஒவ்வொரு கல்லாகப் புரட்டினாள், அடியில் நகை இருக்கும் என்கிற மாதிரி. கூட்டம் கூடிவிட்டது. மீசை வைத்த ஒரு இன்ஸ்பெக்டர் வந்து, "யாரு கட்டினது இதை?" என்றார்.

தங்கம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். துரை செத்துப்போன அன்றைக்குக்கூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"இவருதான். என் கண்ணு முன்னால கட்டினாரு."

"தங்கம்மா, பத்திரமா கீது. சத்தம் போடாத."

"எங்க கீது?"

"இங்க சொல்லக் கூடாது."

"என்னய்யா சொல்லக் கூடாது?" என்று இன்ஸ்பெக்டர் என் தோளைப் பிடித்தார். நல்ல கனமான கை.

இனிமேல் வேறு வழியில்லை. அன்றைக்கு முதல் தடவையாகத் திரும்பினேன். "அதோ, அந்தக் கடைசி நாற்காலி மேல..."

நாற்காலி இருந்தது. அதன் மேல் ஒன்றும் இல்லை.

பம்பாய் பயணிகள் வரலாம் என்று அதே நேரத்தில் கூப்பிட்டார்கள். எல்லாரும் எழுந்து வரிசையில் நின்றார்கள். தங்கம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடிந்தால் கல்யாணம். அன்றைக்கு வேறு பிளேனும் இல்லை.

"சீப்பு!" என்று கத்தினேன். "சீப்பு வெச்ச ஆளு! அவன்தான் தூக்கிக்கினு போனான்!"

வரிசையின் நடுவில் இருந்து அவனே வந்தான். "யாரு, நானா?"

"கேரியரை எங்கடா வெச்ச?"

"டா போடாதீங்க பெரியவரே. நான் ஃபேக்டரியில இன்ஜினியர், பேரு சேகர். நானும் கே.ஜி.எஃப்.தான். யாருதுன்னு கேட்டேன், உங்ககிட்டயே தனியாக் கேட்டேன். நீங்க ஃபேனைப் பாத்துக்கினு இருந்தீங்க. சொந்தக்காரன் இல்லாத பாத்திரம்னா போலீசுக்குச் சொல்லணும்னு சுவத்துல எழுதியிருக்கு. சொன்னேன்."

"அப்போ ரயில்ல ஏன் பையையே பாத்தே?"

"வண்டியே பாத்துச்சு, நான் மட்டும் ஏன் பாக்கக் கூடாது?"

இன்ஸ்பெக்டரின் கை என் தோளிலிருந்து மெதுவாக எடுபட்டது. "அந்த கேரியர் உங்களுதா?" என்றார். குரல் மாறியிருந்தது. "அதைக் கட்டடத்துக்குப் பின்னால மணல்ல வெச்சிருக்கோம். வெடிகுண்டு பாக்கறவங்க வந்துக்கிட்டு இருக்காங்க. உள்ள என்ன இருக்கு?"

"உருளைக்கிழங்கு வறுவல். புளிசாதம்."

"அதுக்குக் கீழ?"

"நகை."

"சோத்துக்கு அடியில யாராவது நகை வெப்பாங்களா?"

"வெக்க மாட்டாங்க சார். அதனாலதான் வெச்சேன்."

"உங்களுக்கு என்ன வேலை?"

கர்த்தர் முன்னாலும் போலீஸ் முன்னாலும் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "சுரங்கத்துல பிளாஸ்டர் சார். பாறைக்கு வெடி வெக்கிறது. இப்ப ரிடையர்டு."

சுற்றி நின்ற போலீஸ்காரர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். நேத்ரா கையில் இருந்த கல்லை, பூ மாதிரி, மேஜையில் வைத்தாள்.

"அந்த கேரியர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதுவும் என்கூடத்தான் கீழ வரும் சார். ஒரு கையில கேரியர், ஒரு கையில ஜெலட்டின் வெடிப்பெட்டி."

அதற்குப் பிறகு யார் சொல்லியும் இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. அவர்மேல் தப்பும் இல்லை. வெடிகுண்டு பார்க்கிறவர்கள் வரட்டும், தூரத்திலிருந்து உடைத்துப் பார்க்கட்டும், உள்ளே நகை என்றால் கிடைத்தது உங்களுக்கு என்றார். உடைத்தால் ஆரம் எந்தக் கோலத்தில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். வெடியும் தங்கமும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று கே.ஜி.எஃப்.காரனுக்கு யாரும் சொல்லவேண்டாம். பின்பக்கம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புல்தரை நடுவில் ஒரு பாதி டிரம், மணல், அதில் என் கேரியர். சுற்றிக் கயிறு, தள்ளி மணல் மூட்டை அடுக்கு.

வரிசை கரைந்துகொண்டே வந்தது.

"சார்," என்றாள் தங்கம்மா, "நான் தொறக்கிறேன்."

"முடியாதம்மா."

"வெடிச்சா நான்தானே போவேன்? என் வீட்டுக்காரரு போன எடத்துக்கு. நகை இல்லாம நாளைக்கு என் பொண்ணு முன்னால போய் நிக்கறதுக்கு அது மேல்."

சொல்லிக்கொண்டே நடந்துவிட்டாள். பின்கதவைத் திறந்தாள், கயிற்றைத் தூக்கினாள், குனிந்து உள்ளே போனாள். இன்ஸ்பெக்டர் கத்தினார். பெண்ணைத் தொட்டுப் பிடிக்க நேத்ராதான் ஓடவேண்டும். நேத்ரா ஓடவில்லை. நான் ஓடினேன்.

மத்தியான வெயில். தூரத்தில் ஒரு பிளேன் எஞ்சினை இரைத்துக்கொண்டு நின்றது, எங்களுடையதா வேறா தெரியவில்லை. புல்லில் எங்கள் நிழல் மட்டும். நான் வைத்தது நகைதான் என்று எனக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். ஆனாலும் அத்தனை பேர் மணல் மூட்டைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு பார்க்கும்போது, உங்களுக்கே ஒரு சந்தேகம் வரும் பாருங்கள், நான் என்னத்தை வைத்தேன் என்று.

தங்கம்மா மண்டியிட்டாள். கேரியரின் கொக்கி துருப்பிடித்தது. தட்டினால்தான் திறக்கும்.

"தட்டட்டுமா?"

"தட்டு."

கல்லால் ஒரு தட்டு தட்டினேன். பின்னால் யாரோ "அம்மா!" என்றார். கொக்கி விட்டது.

உருளைக்கிழங்கை எடுத்துப் புல்லில் வைத்தாள். புளிசாதத்தை எடுத்து வைத்தாள். அடி அடுக்கின் மேல் கையை வைத்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கீதுதானே?"

"கீது தங்கம்மா."

"இன்னைக்கு நீ சொல்றதை நம்பி ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன்."

துணியைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். ஆரம் வந்தது, புளிக்காய்ச்சல் எண்ணெய் பட்டுப் பளபளவென்று. அட்டிகை. வளையல். ஒரு ஜிமிக்கி. ஒன்றுதான். துணியை உதறினாள், ஒன்றும் விழவில்லை. அடுக்கைக் கவிழ்த்தாள், இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் மணலில் கையை விட்டேன். பிளேன் இரைச்சல் ஏறியது. தங்கம்மா புளிசாதத்துக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள், அழவே இல்லை, பல்லை மட்டும் கடித்துக்கொண்டு. கடைசியில் அந்த ஜிமிக்கி துணியின் தையலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. என் தையல் அவ்வளவு பலம்.

"எல்லாம் கீது சார்!" என்று கையைத் தூக்கிக் காட்டினேன். மணல் மூட்டைக்குப் பின்னால் தொப்பிகள் ஒன்றொன்றாக எழுந்தன.

மறுபடி அடுக்கில் வைப்பதற்குத் துணியை விரித்தேன். தங்கம்மா அதைப் பிடுங்கித் தூரப் போட்டாள். அங்கேயே, டிரம் பக்கத்தில் உட்கார்ந்து, ஆரத்தைக் கழுத்தில் போட்டாள். அட்டிகையைக் கட்டினாள். வளையலை ஏற்றினாள். காதிலிருந்த பழைய தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஜிமிக்கியை மாட்டினாள். நூல் புடவை, கையெல்லாம் சோறு, கழுத்து நிறையத் தங்கம்.

"அம்மா, நகையை இப்படி வெளிய தெரியப் போடக் கூடாது. உள்ள பத்திரமா வெச்சுக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உள்ள வெச்சுத்தான் பாத்தோமே சார். வெளிய கெடக்கட்டும். நாலு பேர் கண்ணு பாக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸில் ஏதோ சொன்னார், ஏணியை எடுக்காமல் வைத்திருந்தார்கள். கடைசியாக நாங்கள் ஏறினோம். பிளேனுக்குள் அத்தனை தலையும் திரும்பியது. தங்கம்மா நடு வழியில் மெதுவாக நடந்தாள், ஒருத்தர் விடாமல் பார்த்து முடிக்கட்டும் என்று. அவள் போன பிறகு அந்த வரிசையெல்லாம் புளி வாசனை அடித்தது. பணிப்பெண் வந்து அட்டிகையைத் தொட்டுப் பார்த்து, எந்த ஊர் வேலைப்பாடு என்று கேட்டாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன், மேகம் பார்க்கலாம் என்று. என் தாடையில் ஒரு கை விழுந்தது.

"இங்க பாரு."

"பிளேன்ல மொதத் தடவை வரேன் தங்கம்மா. மேகம்..."

"மேகத்தை யாரும் திருட மாட்டாங்க. என் கழுத்தைப் பாரு. நான் கண்ணை மூடினாலும் நீ பாக்கணும். திரும்பினேன்னு வெச்சுக்க, பம்பாய் போய்ச் சேர மாட்டே."

அவள் கண்ணை மூடவே இல்லை. நானும் திரும்பவில்லை. மேகம் வந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

பம்பாயில் வெளியே வந்ததும் வாணி ஓடி வந்தாள். பிரதாப், "மாமா, எல்லாம் பத்திரமா வந்துச்சா?" என்று கேட்டான். டாக்ஸிக்காரர்கள் சுற்றி நிற்க, தங்கம்மா அந்த வாசலிலேயே ஒவ்வொன்றாகக் கழற்றி மகளுக்குப் போட்டாள். கடைசி ஜிமிக்கியின் திருகைத் திருகி முடித்ததும் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே தூங்கிப்போனாள். டாக்ஸியில் தூக்கித்தான் வைத்தோம்.

என் முறையில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரு திருடனும் கேரியரைத் தொடவில்லை, இல்லையா? ஆனால் அன்றைக்குப் பிளேனில் தங்கம்மா பக்கம் திரும்பின என் கழுத்து, மறுநாள் சாயந்திரம் வரைக்கும் இந்தப் பக்கம் வரவே இல்லை. கல்யாண போட்டோவைப் பாருங்கள். பொண்ணு, மாப்பிள்ளை, பிரதாப், தங்கம்மா எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நான் ஒருத்தன் மட்டும் பொண்ணு கழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டில் அதற்கு இன்றைக்கும் ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள்.